மடக்குக் கேமராவும் தாம்பரத்தில் மூன்று வாரமும்

சுற்றுலாப் பயணியாக இந்தியாவுக்குள் வருகிறவர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு கேமரா கொண்டுவரலாம். திரும்பிப் போகும்போது அதே கேமராவை, வந்த நிலையிலேயே, எடுத்துப் போய்விட வேண்டும். விதி இவ்வளவுதான். இதில் குழப்பமான சொல் ஒன்றுகூட இல்லை. நான் ஈப்போவில் நில அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துத் தலைமை குமாஸ்தாவாக ஓய்வுபெற்றவன். தெளிவான விதியைப் பார்த்தால் எனக்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும், உடம்பு நன்றாக இருக்கும். அதனால் 1969இல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும், யாரும் கேட்பதற்கு முன்பே படிவத்தை வாங்கி நிரப்பினேன். ஜெர்மன் மடக்குக் கேமரா ஒன்று. அதில் மூன்றங்குல லென்ஸ் ஒன்று. லென்ஸின் முன்வளையத்தில் பொறித்திருந்த ஆறு இலக்க எண்ணையும் எழுதினேன். எண் வேண்டியதில்லை என்றார் சுங்க அதிகாரி. இருக்கட்டும் என்றேன்.

கேமரா எனக்காக வரவில்லை. என் தம்பி மகள் கிரேஸ் தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் கணவன் டேனியல் சினிமாவில் கேமரா உதவியாளன். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் எடுக்கும் படத்துக்கு லென்ஸ் வளையத்தைத் திருப்பி, முகத்தைத் திரையில் கலங்காமல் கூராக வைத்திருப்பது அவன் வேலை. பல்லாவரத்துத் தோல் வியாபாரி ஒருவர் முதல் முறையாகப் படம் எடுக்கக் கிளம்பியிருந்தார். டேனியலையே ஒளிப்பதிவாளராகப் போடலாம் என்று பாதி வாக்குக் கொடுத்திருந்தார். மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை: பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு முகத்தைத் திரையில் காட்ட வேண்டும், அது அவருக்குப் பிடிக்க வேண்டும். ஸ்டூடியோவில் நல்ல லென்ஸ்கள் எல்லாம் கலர் படக்காரர்களோடு போய்விடும். மிஞ்சியது பூசணம் பிடித்த ஒன்றும், யாரோ கீழே போட்ட ஒன்றும். புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் வேண்டும். டேனியல் மாதிரி ஆளுக்கு அதைக் கொடுப்பவர் கிடையாது.

கிரேஸ் எழுதினாள்: எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் அந்த மடக்குக் கேமராவில் எடுத்த படங்களில் எல்லா முகமும் மென்மையாக இருக்கிறது, என் நாத்தனார் முகம்கூட. அந்த லென்ஸைக் கொஞ்ச நாளைக்குக் கொண்டுவர முடியுமா, இங்கே ஒருத்தர் அதைச் சினிமா கேமராவில் மாட்டும்படி செய்து தருவார் என்று. கொஞ்ச நாள் என்றால் என் கணக்கில் மூன்று வாரம். அடுத்த கப்பல் வரைக்கும். அவர்கள் கணக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அளவு குறிப்பிடாத மனுவை ஏற்றுக்கொண்டது என் தவறு.

டேனியல் துறைமுகத்துக்கு வந்திருந்தான். என் பெட்டி படுக்கையைக் கூலியாளிடம் விட்டுவிட்டுக் கேமராப் பையை மட்டும் தானே வாங்கிக்கொண்டான். கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். எதிரே இரண்டு தெலுங்கு குமாஸ்தாக்கள் தங்கள் அதிகாரியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அவர் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் மழை பெய்தாலும் அது பெய்ததாகக் கணக்கில்லை." எனக்கு ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் கிரேஸ் வைத்த வஞ்சிரம் குழம்பைப் பற்றி ஒரு பாராட்டு எழுதலாம். ஈப்போவில் எங்களுக்குத் தேங்காய்ப்பால் கைமீறிப் போகும். எல்லாக் குழம்பும் கடைசியில் ஒரே குழம்பாகிவிடும். இங்கே புளி புளியாகவும் மீன் மீனாகவும் இருந்தது. காபி விஷயத்தில் ஈப்போவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். கிரேஸ் இரண்டாவது தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அதையும் மிச்சமில்லாமல் குடித்தேன்.

மறுநாள் டேனியலுக்குப் படப்பிடிப்பு இருந்ததால் லென்ஸை மாட்டித் தரப்போகிற ஜமால் பாயைத் தேடி நான் தனியாகவே குரோம்பேட்டைக்குக் கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து வடக்கே இரண்டாவது ஸ்டேஷன். என்னிடம் அச்சிட்ட கால அட்டவணை இருந்தது. அதில் சொன்ன மேடையில், சொன்ன நிமிஷத்தில் ஒரு வண்டி நின்றது. ஏறினேன். கீழே நின்ற போர்ட்டர், இது செங்கல்பட்டுப் பக்கம் போகிற வண்டி என்றார். அட்டவணையை அவரிடம் நீட்டினேன். அடுத்த வீட்டுக் குழந்தையின் போட்டோவைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வண்டி தெற்கே கிளம்பியது. பெருங்களத்தூரில் நிற்கவில்லை, வண்டலூரில் நிற்கவில்லை. கூடுவாஞ்சேரியில் நின்றது.

அங்கே டிக்கெட் பரிசோதகரிடம், தவறு அட்டவணையுடையது, என்னுடையது அல்ல என்று விளக்கினேன். விளக்கம் அவர் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்ததால் போகச் சொல்லிவிட்டார். சந்தைப் பக்கம் ஒரு கடையில் இலையில் இட்லியும் வடகறியும் போட்டார்கள். முந்தின நாள் வடையை மறுநாள் கறியாக்குவது சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பிட்ட பிறகு அது ஒரு கொள்கை என்று பட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பிடித்துத் திரும்பினேன். கூடையில் நாலு கோழிக்கும் ஒரு கம்பிக்கும் நடுவே நின்றபடி, கேமராப் பையை மார்போடு அணைத்திருந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னா சார், உள்ள கொயந்தயா கீது? மூச்சு முட்டிக்கப் போவுது, கொஞ்சம் லூசு வுடு" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. கோழிகளை வைத்திருந்தவர் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஜமால் பாயின் பட்டறை தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தோல் யந்திரங்களுக்கு உருளையும் அச்சும் கடைந்து கொடுப்பது அவர் தொழில். வேலை குவிந்து கிடந்தது. எந்த உருளை யாருக்கு, எப்போது என்பதையெல்லாம் சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்தார். ஒரு பதிவேடு போட்டுத் தருகிறேன் என்றேன். இந்தச் சுவர் இதுவரை எதையும் தொலைத்ததில்லை என்றார். லென்ஸ் வேலை அவருக்கு ஒரு சபலம். ஸ்டூடியோக்காரர்கள் யாராவது பழைய கண்ணாடி கொண்டுவந்தால் உருளைகளை ஓரமாகத் தள்ளிவிடுவார். என் கேமராவைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"பூச்சு இல்லாத கண்ணாடி. மூஞ்சிக்குன்னே பண்ணது. இத்தினி வர்ஷமா வூட்ல சும்மா வச்சிகினு இர்ந்தியா சார்?"

குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டேன்.

வேலை என்னவென்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மடக்குக் கேமராவில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவது மடிப்பு மடிப்பான தோல் துருத்தி. சினிமா கேமராவில் துருத்தி கிடையாது. ஆகவே லென்ஸுக்கு ஒரு குழாய் செய்து, அதைத் திருப்பினால் சீராக முன்னே வரும்படி திருகு மரை வெட்ட வேண்டும். ஒரு சுற்றில் போதுமான தூரம் நகர வேண்டும், ஆனால் கைக்கு வெண்ணெய்போல இருக்க வேண்டும். பழைய ஷட்டர் தகடுகளுக்கு இனி வேலை இல்லை, அவை வெளியே. பிறகு பின்பக்கம் ஒரு பித்தளைப் பிடிப்பு. அதிலிருந்து பிலிம் வரைக்கும் உள்ள தூரம்தான் உயிர். அது ஒரு தலைமுடி கனம் மாறினாலும் தொலைவில் இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். பட்டறையில் நல்ல மைக்ரோமீட்டர் இருந்தது. இருந்தும் பாய் பேசியதெல்லாம் முடிக் கணக்கில்தான். முதல் பிடிப்பு "அர முடி" கனம் என்று தூக்கிப் போட்டார். இரண்டாவது கால் முடி.

தூரம் சரியா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனோம். டேனியல் இரவல் வாங்கி வந்த கேமராவில் லென்ஸை மாட்டி, வளையத்தைக் கடைசி வரை திருப்பி, மேற்கே திருநீர்மலையைப் பார்த்தார் பாய். மலைமேல் கோயில் சுவரின் விளிம்பு கூராகத் தெரிந்தால் அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் கூராகத் தெரியும் என்பது அவர் அளவு. ஐந்து நாளில் மூன்று தடவை படியேறினோம். மூன்றாவது தடவை பாய் விலகி நின்று டேனியலைப் பார்க்கச் சொன்னார். டேனியல் பார்த்தான், கண்ணை எடுக்கவில்லை. கீழே யாரோ உருளை கேட்டு வந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பட்டறை மூடல். சனிக்கிழமை முடிந்த வேலையை வாங்கப் போனேன். கறுப்புக் குழாய், பின்னால் பளபளவென்று பித்தளை, பக்கத்தில் மூன்றடி நாலடி ஐந்தடி என்று வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடுகளை டேப் வைத்து அளந்து ஒவ்வொன்றாகப் போட்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. முன்பக்கம் பார்த்தேன். எண் பொறித்த வளையம் வழவழவென்று கறுப்பாக இருந்தது.

எண் எங்கே என்று கேட்டேன். கடைசலில் சீவிவிட்டதாகச் சொன்னார். முன்னால் வெள்ளை எழுத்து இருந்தால், விளக்குக்கு எதிரே வைக்கும்போது அது மினுங்கிப் படத்தில் விழும். தன் பட்டறைக்கு வரும் எந்த லென்ஸிலும் அவர் எழுத்தை விட்டு வைப்பதில்லை. அந்த எண் சர்க்காரிடம் எழுதிக் கொடுத்த எண் என்பதை நான் விளக்கினேன். உட்கார்ந்து, பொறுமையாக, தொடக்கத்திலிருந்து விளக்கினேன். பாய் முழுதும் கேட்டார்.

"நம்பர் பெரிய மன்சனுக்கு சார். கண்ணாடிக்கு இன்னாத்துக்கு?" என்றார். "வோணும்னா சொல்லு, அதே நம்பர நானே வெட்டித் தரேன்."

வேண்டாம் என்றேன். சர்க்கார் முன்னால் வைக்கும் பொருளில் நானே எண் வெட்டி வைப்பதற்கு வேறு பெயர் உண்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்து திருநீர்மலைக்குப் போனோம். நான், டேனியல், கிரேஸ். உருளைகளை விட்டுவிட்டு ஜமால் பாயும். டேனியலிடம் இருந்தது வேறொரு படத்தில் மிஞ்சிய துண்டு பிலிம் நூறு அடி. கறுப்பு வெள்ளை. ஓடினால் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல். கிரேஸைத்தான் எடுப்பதாக இருந்தது. அவள் புதுப் புடவையில் வந்து கேமராவுக்கு முன்னால் நின்றதும் வகுப்பெடுக்கும் முகம் வந்துவிட்டது. டேனியல் கேமராவைத் திருப்பி, மலைப்படியின் அடியில் பூ விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மா என்ற அம்மாளைக் கேட்டான். வெயில் அவளுக்குப் பின்பக்கமாக இருந்தது.

"எம் மூஞ்சிலயா சினிமா? முன்னால பல்லு ரெண்டு இல்ல, பர்வால்லியா?"

சிரிக்க வேண்டாம், சும்மா இந்தப் பக்கம் பாருங்கள் என்றான் டேனியல்.

"சிரிக்காம எவன் வாங்குவான் பூவ? நீ வாங்குவியா? இந்தம்மாவுக்கு ரெண்டு மொழம் வாங்கிக் குடேன், கண்ணாலம் கட்டிகினு வந்தவதானே." 

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசப் பேச முகம் முன்னும் பின்னும் ஆடியது. டேனியலின் விரல் வளையத்தில் அதோடு கூடவே போய் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அடுத்தவருக்காகத் திருப்பிய கை. கிரேஸ் பூவை வாங்கி முடிப்பதற்குள் பிலிம் தீர்ந்துவிட்டது.

புதன்கிழமை ஸ்டூடியோவின் சின்னக் கொட்டகையில் போட்டுக் காட்டினார்கள். தோல் வியாபாரி முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் கன்னியம்மா வந்தாள். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் எதுவும் உறுத்தவில்லை. தலைமுடியின் ஓரத்தில் வெளிச்சம் பஞ்சுபோல நின்றது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"குரோம் போட்டுப் பதப்படுத்தின தோல் பளபளன்னு இருக்கும், கண்ணுல குத்தும். ஆவாரம்பட்டையில போட்டது இப்படித்தான் இருக்கும். என் ஹீரோயினுக்கு இதே கண்ணாடிதான் தம்பி. வேற எது போட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அடுத்த மாசம் ஆரம்பிச்சிடலாம்."

அடுத்த மாதம். என் கப்பல் எட்டு நாளில்.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் இரண்டு தரப்பின் கணக்கும் மேசைக்கு வந்தது. கொஞ்ச நாள் என்றால் படம் முடிகிற வரைக்கும் என்று கிரேஸ் நினைத்திருந்தாள். வந்த பொருள் என்னோடு திரும்பியாக வேண்டும் என்று நான் சொன்னேன். கேமராவை மடக்கியே காட்டினால் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றாள். மூர் மார்க்கெட்டில் ஏதாவது பழைய லென்ஸ் வாங்கி அதில் பொருத்திவிடலாம், யாருக்குத் தெரியும் என்றாள். எண் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். யார் எழுதச் சொன்னது என்று கேட்டாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

"உங்க ரூலை எல்லாம் ஈப்போவுலயே வச்சுட்டு வந்திருக்கக் கூடாதா பெரியப்பா?"

டேனியல் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "விடு கிரேஸ். எடுத்துட்டுப் போங்க மாமா. பன்னெண்டு வருஷம் இல்லாமத்தானே இருந்தேன்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

விதியில் வழி இல்லையென்றால் மனுவில் வழி உண்டு. இது என் நம்பிக்கை, தொழிலும்கூட. அடுத்த நாளே சுங்க அலுவலகத்துக்குப் போனேன். லென்ஸை மட்டும் இந்தியாவில் விட்டுச் செல்ல அனுமதி வேண்டும், உரிய தீர்வையைக் கட்டச் சம்மதம், காரணம் இன்னது என்று மூன்று பிரதிகளில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டில் முத்திரை வாங்கினேன். பதில் எப்போது வரும் என்று கேட்டேன். தபாலில் வரும் என்றார்கள். நான் 'எப்போது' என்று கேட்டதற்கு அவர்கள் 'எப்படி' என்று சொன்னதைக் கவனித்தேன். நானும் இதையே ஆயிரம் பேருக்குச் செய்திருக்கிறேன். தாம்பரத்து முகவரியும் ஈப்போ முகவரியும் எழுதிக் கொடுத்தேன். தினமும் தபால்காரர் வந்தார். கிரேஸின் பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் வந்தன.

கப்பல் நாள் வந்தது. டேனியல் லென்ஸை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, அதற்கென்று அளவாகத் தைத்த தோல் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தான். உறையை ஜமால் பாய் தோல் தொழிற்சாலையில் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். கிரேஸ் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். துறைமுகத்தில் அவர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் இந்தப் பக்கம் வந்தேன்.

அதிகாரி இளைஞர், மரியாதையானவர். படிவத்தைப் பார்த்தார், கேமராவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. அதன் வழியாக அவர் கைக்கடிகாரம் தெரிந்தது. உறையைப் பிரித்துக் கறுப்புக் குழாயை மேசையில் வைத்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார், தமிழில் தருகிறேன்.

"இது சினிமா லென்ஸ். இது உங்கள் படிவத்தில் இல்லை."

படிவத்தில் உள்ளதுதான் இது, உருவம் மாறியிருக்கிறது என்றேன். எண்ணைக் கேட்டார். குரோம்பேட்டையில் கடைசலில் போய்விட்டது என்றேன். வாக்குமூலம் கேட்டார். நான்கு பத்திகளில் எழுதிக் கொடுத்தேன்; ஷட்டர் தகடு, குழாய், பித்தளைப் பிடிப்பு, எழுத்து மினுங்குவது, எதையும் விடவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையான ஒரு குறிப்பை நான் எழுதியதில்லை. அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஐயா, நீங்கள் சொல்வது உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் எண் இல்லாத ஒன்றைக் காட்டி இதுதான் அது என்று நான் எழுத முடியாது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் எழுதுவீர்களா?"

எழுத மாட்டேன் என்றேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆகவே முடிவு இரண்டு பகுதியாக வந்தது. கொண்டுவந்த லென்ஸ் பயணத்தில் இல்லாமல் போயிற்று. அதன் வயதுக்கு ஏற்ற மதிப்பில் தீர்வை கட்ட வேண்டும். இந்தக் குழாய் உள்ளூரில் செய்த பொருள். வெளியே கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும், அது என்னிடம் இல்லை. வழியனுப்ப வந்தவர்கள் யாராவது இருந்தால் கொடுத்துவிடலாம். இருக்கும் லென்ஸுக்குத் தீர்வை கட்ட நான் மனுப் போட்டுக் காத்திருக்கிறேன். இல்லாத லென்ஸுக்கு அரை மணியில் கட்டி ரசீது வாங்கினேன். ரசீதைச் சரிபார்த்து உள்பையில் வைத்தேன்.

தடுப்பண்டை போய் உறையை நீட்டினேன். டேனியல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். என்ன நடந்ததென்று அவனுக்குப் புரியவில்லை. எவ்வளவு நாளைக்கு மாமா என்று கேட்டான்.

"தெரியாதப்பா. இது என்னுடையது இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்."

கிரேஸ் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். வழிக்கென்று கட்டி வைத்திருந்த புளிசாதப் பொட்டலத்தைத் தடுப்புக்கு மேலாகக் கொடுத்தாள். அதை அதுவரை தன் பையிலேயே வைத்திருந்தாள்.

படம் வெளிவந்தது. கதை தேறவில்லை என்று கிரேஸே எழுதினாள். இரண்டு வாரம் ஓடியதாம். ஆனால் தலைப்புகளில் டேனியலின் பெயர் தனி அட்டையில் வந்தது, கதாநாயகியின் முகத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அடுத்து இரண்டு படம் கிடைத்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். லென்ஸ் சௌக்கியம் என்று டேனியல் ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான்.

என் மனுவுக்கும் பதில் வந்தது. இரண்டு முத்திரை, ஒரு கையெழுத்து, வழுவில்லாத ஆங்கிலம். மேற்படி லென்ஸ் பயணத்தின்போது இல்லாமல் போனதாகப் பதிவாகி, அதற்கான தீர்வையும் வசூலாகிவிட்டபடியால், அதை இந்தியாவில் விட்டுச் செல்வதற்கான அனுமதி என்ற கேள்வியே எழவில்லை. ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது. நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டேன். ஓரத்தில், பழைய பழக்கத்தில், கிடைக்கப்பெற்ற தேதியை எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் போட்டேன்: 1971, பிப்ரவரி 9.